இலியாஸ் பெயரில் உள்ளே போன தூசு

என் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் ஒரு பொய் இருக்கிறது. சொன்னவன் நான். எழுதிக்கொண்டவர் ஒரு பயிற்சி மருத்துவர், அவர்மேல் குற்றமில்லை. 'தொழில்: செய்தியாளர். தூசு, ரசாயனத் தொடர்பு: இல்லை.' இருபது வருடம் பிறர் சொன்னதை ஒன்றுக்கு இரண்டு இடத்தில் விசாரித்து எழுதியவன், என் நெஞ்சைப் பற்றிய முதல் தகவலையே தப்பாகக் கொடுத்தேன். அந்த ஒரு வரி பின்னால் எனக்கு எதிராகவே வாசிக்கப்பட்டது.

இன்னொருவர் பெயரில் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, இன்று ஏதோ ஒரு வார்டில் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கக்கூடும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். டாக்டர் கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். பெயரைக் காப்பாற்றப் போய் நுரையீரலை விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதலில் தெரிந்தது திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகளில்தான். முந்தைய வருடம் அதே படிகளில் ஓடிப்போய் பாசஞ்சரைப் பிடித்திருக்கிறேன். இந்த முறை பன்னிரண்டாவது படியில் நின்றேன். மூச்சு உள்ளே போகிறது, அடிவரை போகவில்லை. வறட்டு இருமல். இடது பக்கம் ஒரு கனம். ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு டி.பி. என்றார்கள். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் படத்தில் நிழல் இருக்கிறது, மாத்திரையை ஆரம்பித்துவிடலாம் என்றார்கள். ஆறு மாதம் சாப்பிட்டேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. எடை நான்கு கிலோ குறைந்தது. படி பன்னிரண்டிலிருந்து எட்டாகியது.

என் மனைவி ஸ்டெல்லா குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். எண்பது பிள்ளைகளுக்குச் சாப்பாடு அளந்து போடும் ஆள். என் தட்டில் எவ்வளவு மிச்சம் என்பது அவள் கண்ணுக்குத் தப்பாது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, "கெளம்புங்க, செதம்பரம் போறோம்" என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்கிற அளவு மூச்சும் இல்லை.

சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியின் நெஞ்சக நோய்ப் பிரிவு. வெளியே நீளமான பெஞ்சுகள். டோக்கன் எண் அறுபத்தி மூன்று. காத்திருப்பவர்கள் யார் முகத்தையும் யாரும் பார்ப்பதில்லை, இருமலை மட்டும் கவனிக்கிறார்கள். ஈர இருமல், வறட்டு இருமல் என்று மனசுக்குள் வகை பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும்தான் அந்தப் பயிற்சி மருத்துவர் தொழிலைக் கேட்டார், நான் பொய்யைச் சொன்னேன். யோசித்துச் சொன்னதல்ல. பழக்கத்தில் வந்தது.

அன்றே படுக்கை கொடுத்தார்கள். இடது நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்திருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, முன்னால் மேசை போட்டுத் தலையைக் கவிழ்க்கச் சொல்லி, முதுகில் விலா எலும்புகளுக்கு நடுவே மரத்துப்போக ஓர் ஊசி போட்டார்கள். பிறகு நீரை எடுக்கும் பெரிய ஊசி. வலியைவிட, உள்ளிருந்து ஏதோ உறிஞ்சப்படுகிறது என்ற உணர்வுதான் சங்கடம். முக்கால் லிட்டருக்கு மேல், வைக்கோல் நிறத்தில். பக்கத்துக் கட்டில் கலியபெருமாள், குமராட்சியில் விவசாயக் கூலி, பாட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "பேப்பர்காரரே, இவ்ளோ தண்ணிய வச்சிக்கிட்டா கொள்ளிடத்துல வெள்ளம்னு எழுதிக்கிட்டிருந்தீங்க?" என்றார். சிரித்தால் தையல் போட்டதுபோல் இழுத்தது. ஆனாலும் சிரித்தேன்.

அடுத்து ஊதும் பரிசோதனை. மூக்கில் கிளிப் போட்டு ஒரு குழாயில் ஊத வேண்டும். "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று டெக்னீஷியன் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்க வைப்பதுபோல் கத்துவார். என் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய காற்றில் பாதிக்குச் சற்று மேல்தான் என்னிடம் இருந்தது. பிறகு சி.டி. ஸ்கேன். மல்லாந்து ஒரு முறை, குப்புறப் படுத்து ஒரு முறை. நுரையீரலின் பின்பக்க அடிப்பகுதியில் தெரிவது நீரா, தழும்பா என்று குப்புறப் படுத்தால்தான் பிரித்துச் சொல்ல முடியுமாம்.

மூன்றாம் நாள் டாக்டர் கயல்விழி படத்தோடு வந்தார். நாற்பது வயது இருக்கும். ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து நீண்ட நேரம் கேட்பவர்.

"சார், ஒங்களுக்கு டி.பி. இல்ல. இருந்த மாதிரியும் தெரியல" என்றார். படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் தசையின்மேல், சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் பட்டை. இரண்டு பக்கமும். "இந்த வெள்ளை பத்திரிகை ஆபீஸ்ல வராது. சிமென்ட் ஷீட் செய்யற எடம், கப்பல் ஒடைக்கிற எடம், பிரேக் லைனிங். இதுல எங்க இருந்தீங்க?"

"எங்கயும் இல்ல டாக்டர்."

ஸ்டெல்லா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "ஏங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பிரேக் லைனிங்குதான் டாக்டர். பதினோரு வருசம் இவரு சட்டையத் தொவச்சவ நான். முக்குனா தண்ணி சாம்பலாப் போவும்."

டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "சட்டைய ஒதறித் தொவைப்பீங்களா?"

"ஒதறாம எப்படித் தொவைக்கிறது?"

"நீங்களும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்கம்மா. இன்னிக்கே."

அந்த மதியம் முழுவதும் நான் என்னைப் பற்றி நினைக்கவே இல்லை. மாலையில் அவளுடைய படம் வந்தது. சுத்தமாக இருந்தது. கலியபெருமாள் தன் பங்கு பிஸ்கட்டை அவளுக்குக் கொடுத்தார்.

எனக்கு வந்திருப்பது கல்நார் நோய். கல்நார் என்பது தட்டினால் நூல் நூலாகப் பிரியும் கனிமம். சூட்டைத் தாங்கும், தேயாது. அதனால்தான் பிரேக்கில் வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த இழை மூச்சோடு உள்ளே போனால் உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. சுற்றிலும் தழும்பு கட்டும். பஞ்சுபோல் இருக்க வேண்டிய இடம் பழைய தோல்போல் இறுகும். இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் இது நடக்கும். போனது திரும்பாது, மேலும் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். புற்றாக மாறியிருக்கிறதா என்று பார்க்க நெஞ்சுக்குள் குழாய் விட்டு ஒரு துண்டுச் சதை எடுத்தார்கள். முடிவுக்குப் பதினோரு நாள் காத்திருந்தோம். இப்போதைக்குப் புற்று இல்லை. 'இப்போதைக்கு' என்ற சொல்லை டாக்டர் விட்டுவிடவில்லை, நானும் விடவில்லை.

ஏன் பொய் சொன்னேன் என்பதை இனிமேல் சொல்ல வேண்டும்.

பரங்கிப்பேட்டை முகமது இலியாஸும் நானும் கடலூரில் பிளஸ் டூ வரை ஒரே பெஞ்ச். அவன் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்தான், நான் பி.ஏ. படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். சென்னைக்கு வெளியே ஒரு கார் தொழிற்சாலையில், கான்ட்ராக்டர் மூலமாக அவனுக்கு வேலை ஆர்டர் வந்தது. அதே வாரம் குவைத் விசாவும் வந்தது. ஆர்டரை என் கையில் கொடுத்தான். "வீணாக்காத மச்சான். போட்டோவ மட்டும் மாத்திக்க. மூணு மாசம் பாரு." சவரிமுத்து என்ற நான், இருபத்தைந்து வயதில் முகமது இலியாஸ் ஆனேன். மூன்று மாதம் பதினோரு வருடமானது.

ஷெட்டில் என்னை 'பாய்' என்பார்கள். நோன்பு மாதத்தில் மேஸ்திரி என் முன்னால் டீ குடிக்க மாட்டார். நான் கழிவறைப் பக்கம் போய் ஒளிந்து குடித்துவிட்டு வருவேன். ஈஸ்டர் ஞாயிறு ஓவர்டைம் தவறாமல் என் தலையில் விழும். பக்ரீத்துக்குப் பிரியாணி கேட்பார்கள் என்று ஸ்டெல்லா விடியற்காலையில் எழுந்து சமைத்துக் கொடுப்பாள். கொஞ்ச நாளில் ஷெட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியாது. பிரியாணி கேட்பதை அதற்காக யாரும் நிறுத்தவில்லை.

பிரேக் ஷூவில் ஒட்டிய லைனிங்கை அளவுக்குத் தேய்ப்பது என் வேலை. தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறத் தூசு. கைக்குட்டைதான் முகமூடி. ஷிஃப்ட் முடிந்ததும் ஏர் ஹோஸை எடுத்து ஒருவரை ஒருவர் ஊதிக்கொள்வோம். தலை, கழுத்து, சட்டைக்குள். அதுதான் எங்கள் குளியல், எங்கள் விளையாட்டு. புதிதாக வருகிறவனைப் பிடித்து நிறுத்தி ஊதுவதில் போட்டியே நடக்கும். அந்தத் தூசு என்ன என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. சேரும்போது மட்டும் ஒரு வேனில் ஏற்றி நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கவில்லை. பிறகு கான்ட்ராக்ட் மாறியது, எங்களை அனுப்பினார்கள். நான் ஊர் திரும்பி ஒரு நாளிதழின் தாலுகா நிருபரானேன். இலியாஸ் குவைத்திலிருந்து வந்து பரங்கிப்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்தான். இரண்டு பேரும் அந்தப் பெயர் விவகாரத்தைப் பற்றி வெளியே பேசியதே இல்லை.

வழக்கறிஞர் தமிழரசியைக் கடலூர் நீதிமன்றச் செய்திகள் எழுதிய நாளிலிருந்து தெரியும். வார்டுக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "சட்டத்துல இந்த நோய் பேரோட இருக்குண்ணே. அந்தத் தூசுல போதுமான காலம் வேலை பார்த்தீங்கன்னு காட்டிட்டா, இது வேலையால வரலன்னு அவுங்கதான் நிரூபிக்கணும். நம்ம சிக்கல் ஒண்ணே ஒண்ணுதான். பார்த்தது நீங்கதான்னு காட்டணும்."

"பேரு வேறயா இருக்கே."

"அதையே மொத வரியா எழுதிடுவோம். மறைச்சா அவன் கண்டுபிடிப்பான். நாமளே சொன்னா அவன் என்ன பண்ணுவான்?"

கலியபெருமாள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "எம் மருமவ நூறு நாள் அட்டைக்கு ஏரி வேலையில மண்ணு வெட்டுனது நாந்தான். வெட்டுன மண்ணு அவ பேருலதான் இருக்குது. இடுப்பு வலி எம்பேருல இருக்குது."

தமிழரசி சிரிக்கவில்லை. அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

கடலூரில் தொழிலாளர் துறை அதிகாரியிடம் இழப்பீடு கேட்டு மனு போட்டோம். வீடு திரும்பினேன். மழைக்காலத்தில் நிமோனியா வந்து மறுபடி அதே வார்டு. மூக்கில் ஆக்சிஜன் குழாய். அந்த நாட்களில்தான் நிறுவனத்தின் பதில் வந்தது. சவரிமுத்து என்ற எவரும் எங்களிடம் வேலை பார்த்ததில்லை. முகமது இலியாஸ் என்பவர் பார்த்தார். அவரைச் சமீபத்தில் பரிசோதித்தோம். நலமாக இருக்கிறார், எக்ஸ்ரேயும் சான்றிதழும் இணைப்பில். மனுதாரரே மருத்துவமனையில் 'தூசுத் தொடர்பு இல்லை' என்று சொல்லியிருக்கிறார். மனுவோடு அவர் கொடுத்த கேஸ் ஷீட்டைப் பார்க்கவும்.

இலியாஸைப் பரிசோதித்தார்களா? எனக்கு அது செய்தி.

கோபத்தில் படித்தால் எதுவும் கண்ணில் படாது. அதனால் ஒரு நாள் விட்டுவிட்டு மறுநாள் எடுத்தேன். நாளிதழில் கற்றுக்கொண்ட பழக்கம்: அறிக்கையை விட்டுவிட்டு இணைப்பைப் படி. இலியாஸ் வேலைக்குச் சேர்ந்தபோதே ஆரோக்கியமாக இருந்தார் என்று காட்ட, பழைய மருத்துவப் பதிவேட்டின் பக்கத்தையும் நகலெடுத்து நாற்பத்தொன்றாம் பக்கமாக வைத்திருந்தார்கள். பெயர், உயரம், எடை. கீழே கையெழுத்தில், அந்த வேனில் எடுத்த எக்ஸ்ரேயின் குறிப்பு: 'நுரையீரல் இயல்பு. இடது காரை எலும்பில் பழைய முறிவு, கோணலாகச் சேர்ந்துள்ளது.'

பக்கத்தை மடியில் வைத்துவிட்டு இடது கையால் கழுத்துக்குக் கீழே தடவினேன். மேடு அங்கேயே இருந்தது. பதினான்கு வயதில் கெடிலம் பாலத்து இறக்கத்தில் சைக்கிள் டபுள்ஸில் போய் விழுந்தது. நாட்டுக்கட்டு போட்டார்கள், எலும்பு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. டெய்லர் இன்றைக்கும் என் சட்டைக்கு இடது தோளைத் தனியாக அளப்பார். இலியாஸின் புதிய எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு காரை எலும்பும் ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடுகள்.

டாக்டர் கயல்விழியிடம் இரண்டையும் காட்டினேன். என் சி.டி.யைத் திறந்து எலும்பைப் பார்த்தார். "இது போதும் சார்" என்றார். பிறகு கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்தில் நான் சொன்ன பொய்யை அடிக்காமல், அதன் கீழே சரியான தொழில் விவரத்தை எழுதித் தேதியோடு கையெழுத்திட்டார். "அடிச்சா சந்தேகப்படுவாங்க. பொய்யும் இருக்கட்டும், பக்கத்துலயே உண்மையும் இருக்கட்டும்."

அடுத்த வாரம் இலியாஸ் வந்தான். ஹார்லிக்ஸ் பாட்டில், இரண்டு கிலோ ஆரஞ்சு. உட்காரவில்லை.

"கம்பெனி ஆளு வந்தத ஏன்டா சொல்லல?"

"சொன்னா போவாதன்னுவ."

"போனியா?"

"போனேன். ஏ.சி. காரு அனுப்பிச்சான் மச்சான். சட்டையக் கழட்டுன்னான், கழட்டுனேன். மூச்ச இழுன்னான், இழுத்தேன். 'நல்லா இழுக்கறீங்க பாய்'ன்னாரு அந்த டாக்டரு. அப்பவே ஒன் ஞாபகம் வந்துடுச்சி."

"வந்து?"

"வந்து என்ன. காபி குடிச்சிட்டு வந்துட்டேன்."

பக்கத்துக் கட்டிலில் இந்த முறை வேறு ஆள். சிரிக்க யாரும் இல்லை.

"பதினோரு வருசமும் அங்கதான் வேல பாத்தேன்னு ஆபீசர்கிட்ட சொல்லணுமாம்" என்றான் இலியாஸ். "சொன்னா ஒரு தொகை. சொல்லலன்னா ஆள்மாறாட்டக் கேசு. பெரியவன் போலீஸ் செலக்‌ஷன்ல பாஸ் ஆயி வெரிஃபிகேஷனுக்கு நிக்கறான்டா. அப்பன்மேல சீட்டிங் கேசுன்னா அவன எடுப்பாங்களா?"

நான் பதிவேட்டுப் பக்கத்தை அவனிடம் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தான். காரை எலும்பு என்ற இடத்தில் நின்றான். தன் கழுத்துக்குக் கீழே தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"சைக்கிள ஓட்டுனது நான்" என்றான்.

"ஆமா."

"பிரேக் புடிக்கல."

"அது ஒனக்கு எப்பவும் புடிக்காது."

ஸ்டெல்லா டிபன் டப்பாவை மூடிவிட்டுச் சொன்னாள்: "அண்ணே, ஒங்க புள்ள வேல பெருசுதான். இல்லன்னு சொல்லல. ஆனா ஒங்க பேருல வேலைக்கிப் போனவரு, ஒங்க பேருலயே சாவ மாட்டாரு."

"நீ வந்தாலும் வராட்டியும் நான் எழுந்திருச்சி சொல்லத்தான் போறேன்" என்றேன். அவன் ஆரஞ்சை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனான். படியில் இறங்கும் சத்தம் கேட்டது. நிதானமான, மூச்சு வாங்காத காலடி. அதைக் கேட்டுப் பொறாமைப்பட்டேன் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

இதை எழுதும்போது என் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. உத்தரவு இன்னும் வரவில்லை. இழுப்பார்கள், மேல்முறையீடு போவார்கள், அதுவரை இவன் இருக்க மாட்டான் என்று கணக்குப் போடுவார்கள். போடட்டும். காலையில் நாற்பது நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்கிறேன். பழைய ஷெட் ஆட்கள் ஆறு பேரைத் தேடிப் பிடித்துவிட்டோம்; அதில் இரண்டு பேர் டி.பி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது டாக்டர் கயல்விழியின் டோக்கன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடலூரில் விசாரணை நடந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். கையில் தூக்கும் சிறிய சிலிண்டரோடு ஆட்டோவில் போனோம். அறையில் எட்டு நாற்காலிகள், ஒரு மின்விசிறி. இலியாஸைக் காணவில்லை. அவனை நிறுவனம்தான் தன் சாட்சியாக அழைத்திருந்தது. அவன் வந்து சொல்லிவிட்டுப் போனால் அதோடு முடிந்தது என்ற தெம்பில் அவர்கள் வழக்கறிஞர் ஃபைலைக்கூடத் திறக்கவில்லை.

எழுத்தர் கூப்பிட்டார்: "முகமது இலியாஸ்."

நான் எழுந்து நின்றேன். திட்டம் எதுவும் இல்லை. பதினோரு வருடம் காலை ஆறு மணிக்கு அந்தப் பெயருக்கு எழுந்த கால்கள், அவை பாட்டுக்கு எழுந்தன. தமிழரசி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதே நேரத்தில் பின்னால் வாசல் பக்கம், "இருக்கேன் சார்" என்று ஒரு குரல். இலியாஸ். கையில் பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஓரம் தேய்ந்த பழைய பாஸ்போர்ட், குவைத் முத்திரைகளோடு.

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல யாருங்க இலியாஸ்?"

"பேரு எனது சார்" என்றான் அவன். "வேல பாத்தது அவன். நான் அப்ப இங்க இல்ல." சொல்லிக்கொண்டே யாரும் கேட்காமல் சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றி, நேராக இருந்த தன் காரை எலும்பைத் தட்டிக் காட்டினான். "மெடிக்கல் புக்குல எழுதியிருக்கிற ஒடஞ்ச எலும்பு எங்கிட்ட இல்ல. அவங்கிட்டப் பாருங்க."

நிறுவனத்தின் வழக்கறிஞர் அப்போதுதான் ஃபைலைத் திறந்தார். பக்கங்களைப் புரட்டினார். எந்தப் பக்கத்தைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும், நாற்பத்தொன்று. அதைக் கண்டுபிடிக்க அவருக்குச் சிறிது நேரம் ஆனது. பிறகு என்னைப் பார்த்து, "கூப்பிட்டது உங்கள இல்ல, நீங்க உக்காருங்க" என்றார்.

எனக்கு மூச்சு வாங்கியது. ஸ்டெல்லா சிலிண்டரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

நான் உட்காரவில்லை.